சம்ப்பில் நானே கட்டிய ரெஃப்யூஜியம்: மூன்று வருட அனுபவம்

என் கடல்நீர் மீன்தொட்டியின் கீழே உள்ள சம்ப்பில், அதாவது மேல் தொட்டி நீர் வழிந்து இறங்கி பம்ப்பால் திரும்ப மேலே போகும் கீழ்த்தொட்டியில், ஒரு ரெஃப்யூஜியம் கட்டி மூன்று வருடமும் நான்கு மாதமும் ஆகிறது. கட்டி முடித்த முதல் வாரத்தில் எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். ஆறாம் மாதம் எழுதியிருந்தால் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருப்பேன். பதினாறாம் மாதம் என்றால் யாரும் இதைச் செய்யாதீர்கள் என்றே சொல்லியிருப்பேன். எல்லாம் பார்த்தாகிவிட்டது என்பதால் இப்போது எழுதுகிறேன்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. ரெஃப்யூஜியம் என்றால் புகலிடம். மேல் தொட்டியின் அதே நீர் ஓடும், ஆனால் மீன்கள் வர முடியாத ஒரு தனி அறை. அதில் கடற்பாசி வளர்ப்போம். மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் வரும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பாசி தன் உடம்பாக மாற்றிக்கொள்ளும். பாசிக்குள் கோபிபாட், ஆம்ஃபிபாட் போன்ற சிற்றுயிர்கள் பயமில்லாமல் பெருகும்.

என்னை இதில் இறக்கியது ஒரு கணக்கு. மேல் தொட்டி 120 × 50 × 50 செ.மீ., அதாவது 300 லிட்டர். நைட்ரேட் 40 பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் 40 பங்கு) நின்றது, பாறையெங்கும் நார்ப்பாசி. 20 சதவீதம் நீர் மாற்றினால் 40 என்பது 32 ஆகும். அடுத்த வாரத்துக்குள் தீனி அதைத் திரும்ப 40-க்குக் கொண்டுபோய்விடும். வாரா வாரம் உப்புக் கரைத்து, வாளி தூக்கி, கடைசியில் நின்ற இடத்திலேயே நிற்பது. உள்ளே வருவதைத் தினமும் வெளியே எடுக்கும் ஏதோ ஒன்று வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது.

சம்ப்புக்கு 75 × 38 × 40 செ.மீ. கண்ணாடித் தொட்டி எடுத்தேன். மூன்று அறைகள்: முதலில் ஸ்கிம்மர் (நுரையால் கழிவைப் பிரித்தெடுக்கும் கருவி), நடுவில் ரெஃப்யூஜியம், கடைசியில் நீரைத் திரும்ப மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப். நீர்மட்டம் 25 செ.மீ. நடு அறையின் நீளம் 32 செ.மீ., ஆக அதில் ஏறக்குறைய 30 லிட்டர், மேல் தொட்டியில் பத்தில் ஒரு பங்கு. தடுப்புகளையும் கண்ணாடியிலேயே வெட்டி வாங்கினேன். அக்ரிலிக்கில் சிலிகான் சரியாகப் பிடிக்காது. பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சுத்த சிலிகானாகப் பார்த்து வாங்குங்கள். ஒட்டியபின் வரும் வினிகர் வாசனை முழுதாகப் போகும்வரை நான் ஒரு வாரம் காத்திருந்தேன். ரிட்டர்ன் அறைக்கு முன்னால் மூன்று தடுப்புகள்: மேலே வழிந்து, கீழே நுழைந்து, திரும்ப மேலே வழிந்து போகும்படி. குமிழிகள் அங்கேயே உடைந்துவிடும்.

முதல் நாளே ஒரு பெரிய ஆபத்து தப்பியது. மின்சாரம் போனால் மேலிருந்து எவ்வளவு நீர் இறங்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். வழிவாய் மட்டத்திலிருந்து 2 செ.மீ. இறங்கினால் 12 லிட்டர், சம்ப்பில் 4 செ.மீ. சொச்சம் ஏறும், இடம் தாராளமாக இருக்கிறது. கணக்கு சரிதான். ஆனால் புதிதாகப் போட்ட ரிட்டர்ன் குழாயின் வாய் மேல் தொட்டியில் 9 செ.மீ. ஆழத்தில் இருந்தது. பம்ப்பை நிறுத்தியதும் அது சைஃபன் ஆகி நீரைக் கீழே இழுக்கத் தொடங்கியது. அந்த வாய் வெளியே தெரியும்வரை விட்டிருந்தால் 54 லிட்டர் இறங்கியிருக்கும். சம்ப்பில் மிச்சம் இருந்த இடமோ 43 லிட்டர்கூட இல்லை. பக்கத்திலேயே நின்றதால் குழாய் வாயை நீருக்கு மேலே திருப்பி நிறுத்த முடிந்தது. பிறகு நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சிறு துளை போட்டேன். நீர் கொஞ்சம் இறங்கியதும் அதில் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். அந்தத் துளையைப் பாசியோ நத்தையோ அடைத்துவிடக்கூடும், அதனால் மாதம் ஒருமுறை பல்குச்சியால் குத்திப் பார்க்கிறேன். இதை மட்டும் இந்த மூன்று வருடத்தில் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை.

பாசிக்கு வருவோம். முதலில் போட்டது காலெர்பா. இறகு இறகாக, பார்க்க அவ்வளவு அழகு. வேகமாகவும் வளர்ந்தது. ஏழாம் மாதம் ஒரு காலையில் பார்த்தால் தொட்டி முழுக்க இளம்பச்சைப் பால் கரைத்தது போல் இருந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கீழே காலெர்பா இருந்த இடத்தில் கண்ணாடி போல் வெளுத்த கூடுகள். ஒரு காலெர்பாச் செடி எவ்வளவு நீளம் ஓடினாலும் உள்ளே சுவர்கள் இல்லாத ஒரே செல்தான். இனப்பெருக்கத்துக்குத் தயாரானால் உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் இனச்செல்களாக மாற்றி, விடியும் நேரத்தில் நீரில் கொட்டிவிட்டு இறந்துபோகும். ஏழு மாதம் உறிஞ்சியதில் பெரும்பகுதி ஒரே காலையில் திரும்பி வந்துவிட்டது. இரண்டு நாளில் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பங்கு நீர் மாற்றினேன், நீரைச் சுத்தமாக்கும் கார்பன் போட்டேன். மீன்கள் பிழைத்தன. இரண்டு வருடமாக என்னிடம் இருந்த ஒரு கிளீனர் இறால் பிழைக்கவில்லை. அது இன்றும் மனதில் இருக்கிறது.

அடிக்கடி கத்தரித்து, விளக்கை 24 மணி நேரமும் எரியவிட்டால் காலெர்பா இப்படிப் போகாது என்கிறார்கள். அந்தப் பந்தயத்துக்கு நான் தயாரில்லை. அன்றோடு கீட்டோவுக்கு மாறினேன். முழுப்பெயர் கீட்டோமார்ஃபா. பச்சை நைலான் நூலைச் சுருட்டி வைத்தது போல இருக்கும், எதிலும் வேர் பிடிக்காது, கையால் அள்ளி எடுக்கலாம்.

காலெர்பா வைத்திருப்பவர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வெட்டிய பாசியை ஒருபோதும் சாக்கடையிலோ கடலிலோ போடாதீர்கள். காலெர்பா டாக்ஸிஃபோலியா என்ற மீன்தொட்டிப் பாசி 1984-ல் மொனாக்கோவின் கடல் அருங்காட்சியகத்தை ஒட்டிய கடலில் ஒரு சிறு திட்டாகக் காணப்பட்டு, பிறகு மத்தியதரைக் கடலில் பரந்த பகுதிகளில் பரவியது. கலிஃபோர்னியாவில் 2000-ல் தலைகாட்டிய அதே பாசியை முழுதாக ஒழித்துவிட்டோம் என்று அறிவிக்க 2006 ஆனது. ஒரு சிறு துண்டிலிருந்தே முழுச்செடி வந்துவிடும். கீட்டோவைக்கூட நான் வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்த பிறகே குப்பையில் சேர்க்கிறேன்.

அடுத்து விளக்கு. முதலில் போட்ட வெள்ளை மேசை விளக்கில் கீட்டோ சாகவும் இல்லை, வளரவும் இல்லை. செடி வளர்க்கும் சிவப்பு நீல எல்இடி, 24 வாட், மாட்டியபிறகு மூன்று வாரத்தில் பந்து இரண்டு மடங்கானது. பச்சையம் அதிகம் விழுங்குவது 430, 660 நானோமீட்டர் பக்கத்து ஒளியைத்தான், எனவே பார்க்க வெளிச்சமாக இருப்பதும் பாசிக்குப் பயன்படுவதும் ஒன்றல்ல. முதல் விளக்கின் இணைப்பு எட்டாம் மாதம் உப்பேறித் துருப்பிடித்துப் போனது. இப்போதையதை அக்ரிலிக் தகட்டுக்கு மேலே வைத்திருக்கிறேன், தகட்டை வாரம் ஒருமுறை துடைப்பேன். ஒயர் பிளக்குக்குப் போகும் முன் கீழே தொங்கி மேலே ஏறும்படி விட்டிருக்கிறேன், வழியும் சொட்டு அந்த வளைவிலேயே விழுந்துவிடும்.

விளக்கை இரவில் எரியவிடுவதன் பலன் உடனே தெரிந்தது. மேல் தொட்டி இருண்டதும் ஒளிச்சேர்க்கை நிற்கும், எல்லா உயிரும் மூச்சு மட்டும் விடும், கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பிஎச் இறங்கும். முன்பு விடிகாலையில் 7.75, மாலையில் 8.2 என்று ஆடிக்கொண்டிருந்தது. கீழே பாசி இரவுப் பணி பார்க்கத் தொடங்கியதும் விடிகாலை அளவு 7.95-க்கு வந்துவிட்டது. இந்த ஒன்றுக்காகவே செய்யலாம் என்பேன்.

அடியில் 10 செ.மீ. நுண்மணல் போட்டது தவறு. இரண்டாம் வருடம் கண்ணாடி ஓரத்தில் கருந்திட்டுகள் தெரிந்தன, கிளறிய இடத்தில் அழுகிய முட்டை நாற்றம். ஹைட்ரஜன் சல்ஃபைடு. பம்ப்பை நிறுத்தி, நடு அறையை மட்டும் தனிமைப்படுத்தி, மணலைக் குழாயால் உறிஞ்சி எடுத்தேன். வந்த நீர் கறுப்பு. இவ்வளவு சிறிய அறையில் மணல் கசடைச் சேர்ப்பதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை என்பது என் முடிவு. இப்போது வெறும் கண்ணாடியும் நான்கைந்து பாறைத் துண்டுகளும்தான். நீர் ஓட்டமும் மெதுவாக இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். கூட்டிய பிறகுதான் பந்துக்குள் கசடு தங்குவது குறைந்தது.

சரி, எண்கள். முதல் ஆறு வாரம் எந்த மாற்றமும் இல்லை. பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். மூன்றாம் மாதம் நைட்ரேட் 25, ஆறாம் மாதம் 12. காலெர்பா விபத்தில் திரும்ப 30-க்கு ஏறியது. கீட்டோவும் புது விளக்கும் சேர்ந்து பன்னிரண்டாம் மாதம் 3-க்குக் கொண்டுவந்தன. நார்ப்பாசி கொத்துக் கொத்தாக வெளுத்து உதிர்ந்தது. பாஸ்பேட் மட்டும் 0.15-லிருந்து நகரவில்லை.

காரணம் பிறகுதான் விளங்கியது. அட்கின்சன், ஸ்மித் என்ற இருவர் 1983-ல் கடற்பாசிகளின் உடலை ஆராய்ந்து சொன்ன விகிதப்படி, ஒரு பாஸ்பரஸ் அணுவுக்கு ஏறக்குறைய 30 நைட்ரஜன் அணுக்கள் இருக்கும். டெஸ்ட் கிட் கணக்கில் பார்த்தால் நைட்ரேட் 20 பிபிஎம் இறங்கும்போது பாஸ்பேட் 1 பிபிஎம் அளவே இறங்கும். பழைய பாறைகளோ உள்ளே பிடித்துவைத்த பாஸ்பேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நீரில் விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் நைட்ரேட் முதலில் தீர்ந்துவிடுகிறது, பாசி பசியில் நின்றுவிடுகிறது, பாஸ்பேட் அப்படியே இருக்கிறது.

இது தெரியாமல் நான் இரும்பு ஆக்சைடு துகள்கள் போட்டு பாஸ்பேட்டைத் தனியாக இழுத்தேன். பதினைந்தாம் மாதம் இரண்டுமே பூஜ்யம். சந்தோஷமாகத்தான் இருந்தது. மூன்று வாரத்தில் பவளங்கள் வெளிறின. பாறைமேல் குமிழி கோத்த பழுப்புச் சளி இழைகள் படர்ந்தன. டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்கள், சுருக்கமாக டைனோ. போட்டிக்கு வேறு பாசியே இல்லாத வெற்று நீரில் அவை பெருகும். சுத்தம் செய்யச் செய்ய வந்தன. கடைசியில் துகள்களை எடுத்தேன், ரெஃப்யூஜியம் விளக்கை 14 மணி நேரத்திலிருந்து 6-க்குக் குறைத்தேன், தீனியைக் கூட்டினேன், நைட்ரேட்டைக் கையாலேயே சேர்த்து 5-ல் நிறுத்தினேன். தெளிய பத்து வாரம் ஆனது.

அதற்குப் பிறகு ரெஃப்யூஜியத்தை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. விளக்கின் மணிநேரம்தான் திருகு. நைட்ரேட் 10-ஐத் தொட்டால் ஒரு மணி நேரம் கூட்டுவேன், 3-க்குக் கீழே போனால் ஒரு மணி நேரம் குறைப்பேன். இப்போது 9 மணி நேரத்தில் நிற்கிறது. நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.06. ஸ்கிம்மரை எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன். கழிவு அழுகி நைட்ரேட்டாகும் முன்பே அது இழுத்துவிடுகிறது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அறுவடை. பந்தில் பாதியை, பிழிந்த எடையில் சுமார் 300 கிராம், எடுத்துவிடுவேன். எடுக்காவிட்டால் நடுவில் வெளிச்சம் படாத பகுதி இற்று, உறிஞ்சியதை நீரிலேயே விட்டுவிடும். ஆக, நைட்ரேட் தொட்டியை விட்டு வெளியேறுவது அந்தக் கைப்பிடிப் பாசி வாளிக்குப் போகும்போதுதான். எடுத்ததைத் தொட்டி நீர் நிரம்பிய வாளியில் நன்றாக உலுக்கி, உதிர்ந்த உயிர்களைத் திரும்ப ஊற்றிவிட்டு, அப்புறம் காயவைப்பேன். அறுந்த இழைகள் பம்ப்பில் சிக்கும், அதற்கு நடு அறை வாயில் ஒரு பிளாஸ்டிக் சல்லடை.

அந்த உயிர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நான்காம் மாதம் ஒரு இரவு டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளிகள் குதித்து ஓடின. பாசிக்குள் ஆம்ஃபிபாட், நகம் அளவு பிரிட்டில் ஸ்டார் (மெல்லிய கைகள் கொண்ட, நட்சத்திர மீன் போன்ற உயிர்), விசிறி விரித்த குட்டிப் புழுக்கள். எதையும் நான் வாங்கிப் போடவில்லை, பாறைகளோடு வந்தவைதான். இருபதாம் மாதம், டைனோ தெளிந்த பிறகு, மாண்டரின் மீன் ஒன்று வாங்கினேன். பகல் முழுக்கக் கோபிபாட்டைக் கொத்திக்கொண்டே இருக்கும் மீன் அது. போதவில்லை என்றால் வயிறு ஒட்டி மெலிந்து இறந்துபோகும், பல தொட்டிகளில் அப்படித்தான் ஆகிறது. பம்ப் வழியாக உயிரோடு மேலே வந்து சேரும் கோபிபாட்டால் என் மாண்டரின் இத்தனை மாதமும் உருண்டையாகவே இருக்கிறது. இந்த முயற்சியில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் அந்த வயிற்றைத்தான் காட்டுவேன்.

திரும்பக் கட்டினால் நடு அறையைப் பெரிதாக்குவேன், விளக்கை முதலில் வாங்குவேன், மணலைத் தொடமாட்டேன். கீழே இவ்வளவு இடம் இல்லாதவர்கள் வலைமேல் நீரை வழியவிட்டுப் பாசி வளர்க்கும் ஸ்க்ரப்பரைப் பார்க்கலாம். ஸ்மித்சோனியனின் வால்டர் ஏடி வளர்த்தெடுத்த முறை. நைட்ரேட்டைக் குறைக்கும், ஆனால் இந்த உயிர்க்கூட்டம் அதில் இவ்வளவு பெருகுமா என்பது எனக்குச் சந்தேகம்.

அடுத்த மாதம் நடுத்தடுப்பைப் பெயர்த்து 6 செ.மீ. தள்ளி ஒட்டப் போகிறேன். ஸ்கிம்மர் அறையில் அவ்வளவு இடம் சும்மாதான் கிடக்கிறது. சிலிகான் காயும் ஒரு வாரமும் பாசிப் பந்து ஒரு வாளியில் சிறு பம்ப்போடும் அதே விளக்கோடும் இருக்கும், மாண்டரினுக்கு அந்த வாளியிலிருந்து தினமும் ஒரு குவளை நீர்.