சிபிஏஜி மாதிரிக் கடிதங்கள்: முடங்கிய பெனிஃபிட்டுக்கு நல்ல ஆயுதம், இடம் பார்த்துப் பயன்படுத்தினால்

பிரிட்டனில் சைல்ட் பாவர்ட்டி ஆக்‌ஷன் குரூப் (சிபிஏஜி) என்ற தொண்டு நிறுவனம், ஜுடிஷியல் ரிவ்யூ (அரசு அமைப்பு சட்டப்படி நடந்ததா என்று நீதிமன்றம் பார்க்கும்) வழக்குக்கு முன்பாக அனுப்பும் எச்சரிக்கைக் கடிதங்களின் மாதிரிகளைத் தன் இணையதளத்தில் இலவசமாகத் தருகிறது. பெனிஃபிட், அதாவது அரசு உதவித்தொகை பற்றி ஆலோசனை தரும் எவரும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டிய சேவை இது.

பிஐபி (நீண்டகால நோய் அல்லது உடல்குறை உள்ளவர்களுக்கான உதவித்தொகை) மறுக்கப்பட்டது, அதற்கான தகுதிப் புள்ளிகளைக் குறைத்துவிட்டார்கள் என்பதற்கெல்லாம் இந்தக் கடிதம் உதவாது. அதற்கு மாண்டேட்டரி ரீகன்சிடரேஷன் (முடிவை மறுபரிசீலனை செய்யச் சொல்லிக் கேட்பது), பிறகு தீர்ப்பாயம் என்று தனி வழி இருக்கிறது. அது திறந்திருக்கும்வரை உயர் நீதிமன்றம் பொதுவாக உள்ளே விடாது. முடிவே எடுக்காமல் இழுப்பது, பணத்தை நிறுத்திவைப்பது, அலுவலகத் தவறால் கூடுதலாகக் கொடுத்ததைத் தள்ளுபடி செய்ய மறுப்பது போன்ற, அப்பீல் உரிமை இல்லாத இடங்களில்தான் இதற்குப் பலம். 2015-இல் இருவருக்கு பிஐபி முடிவு சொல்லாமல் பல மாதங்கள் இழுத்தது சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் எல்லோருக்கும் பொருந்தும் காலக்கெடு எதையும் அது வைக்கவில்லை. அதனால் அவரவர் பாதிப்பை விவரமாக எழுதித்தான் ஆக வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

யுனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானமோ வேலையின்மையோ உள்ளவர்களுக்கான மாதாந்திர உதவித்தொகை) நிறுத்திவைக்கப்பட்டிருந்தால், நிறுத்திய தேதி, அவர்கள் கேட்ட ஆவணம், அதை ஜர்னலில் (யுனிவர்சல் கிரெடிட்டின் இணையக் கணக்குப் பக்கத்தில்) ஏற்றிய தேதி, அதன் பிறகு வந்த பதில், வாடகை பாக்கி எத்தனை பவுண்ட், வீட்டில் குழந்தைகள் எத்தனை பேர் என்று வரிசையாக வர வேண்டும். 'மிகுந்த சிரமம்' என்று மட்டும் எழுதினால் படிக்கும் வழக்கறிஞருக்குப் பிடிமானம் கிடைக்காது. கோரிக்கைப் பத்தியும் குறிப்பாக இருக்கட்டும்: பாக்கியோடு பணத்தை விடுவியுங்கள், அல்லது அப்பீல் செய்யத்தக்க முடிவைத் தாருங்கள். 'சீக்கிரம் கவனியுங்கள்' என்பது கோரிக்கையே ஆகாது.

பதிலுக்கு வழக்கமாக 14 நாள் தர வேண்டும். சாப்பாட்டுக்கே வழியில்லை என்றால் குறைக்கலாம், காரணத்தை எழுதிவிட வேண்டும். கடிதம் போக வேண்டிய இடம் உள்ளூர் ஜாப்சென்டர் (வேலைவாய்ப்பு, பெனிஃபிட் அலுவலகம்) அல்ல, பெனிஃபிட்டுகளை நடத்தும் அரசுத் துறையான டி.டபிள்யூ.பி.யின் சட்டப் பிரிவு. பெனிஃபிட் பெறுபவர் கையெழுத்திட்ட ஒப்புதலையும் இணைத்தே அனுப்புங்கள். அது இல்லாவிட்டால் ஆலோசகரோடு விவரம் பேச மாட்டார்கள், நாள்தான் வீணாகும்.

கடிதம் போட்டதால் காலக்கெடு நின்றுவிடாது. தாமதமின்றி, அதிகபட்சம் 3 மாதத்துக்குள் வழக்குப் பதிவாக வேண்டும். பதில் வரவில்லையே என்று நினைவூட்டல் மேல் நினைவூட்டலாக அனுப்பி அந்த 3 மாதத்தைத் தொலைப்பது பெரிய ஆபத்து. லீகல் எய்ட் (அரசு செலவில் சட்ட உதவி) வழக்குகளை எடுக்கும் சொலிசிட்டரை (வழக்கறிஞரை) முதல் கடிதத்தின்போதே தேடத் தொடங்குங்கள்.

குறை என்றால், இவை ஆலோசகர்களுக்கென்றே எழுதப்பட்டவை. சட்ட ஆங்கிலத்துக்குப் பழக்கமில்லாதவர் தனியாக நிரப்பினால் தன் நிலைமைக்குப் பொருந்தாத வாதமும் அப்படியே உள்ளே தங்கிவிடலாம். பொருந்தாத பத்தியைத் தயங்காமல் வெட்டுங்கள். இரண்டு பக்கக் கடிதமே பல நேரம் போதும்.