கை மரத்துப்போனால் டெர்மட்டோம் படமா, கிளை நரம்புப் படமா?

கோத்தகிரிப் பக்கம் நான் பிசியோதெரபி பார்க்கும் அறை ரொம்பச் சின்னது, சுவரில் ஒரு படம் மாட்டத்தான் இடம். முதலில் டெர்மட்டோம் படம் மாட்டியிருந்தேன். போன வருடம் அதைக் கழற்றிவிட்டுக் கிளை நரம்புப் படத்தை மாட்டினேன். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் "ரெண்டும் ஒண்ணுதானே அண்ணா?" என்று கேட்கிறார்கள். ஒன்று இல்லை.

டெர்மா என்றால் கிரேக்கத்தில் தோல், டோமே என்றால் வெட்டு. தண்டுவடத்திலிருந்து புறப்படும் ஒரு நரம்பு வேர் தோலில் எந்தப் பகுதிக்கு உணர்ச்சி தருகிறதோ அந்தப் பட்டைதான் டெர்மட்டோம். இந்த நரம்புகள் மொத்தம் 31 ஜோடி, அதில் கழுத்தின் முதல் நரம்புக்கு மட்டும் பெரும்பாலும் தோலில் பங்கு கிடையாது. (ஒட்டுப் போடுவதற்குத் தோலைச் சீவி எடுக்கும் கருவிக்கும் இதே பெயர் உண்டு, அது வேறு சமாச்சாரம்.) கைக்குப் போகும் வேர்கள் கழுத்துக்கும் அக்குளுக்கும் நடுவே ஒன்றோடொன்று பின்னி, மறுபடி பிரிந்து, மீடியன், அல்நார், ரேடியல் என்று வேறு நரம்புகளாக இறங்குகின்றன. இவை தோலைப் பங்கு போட்டுக்கொள்ளும் விதத்தைக் காட்டுவது இரண்டாவது படம்.

நெஞ்சு, வயிறு, முதுகு என்றால் டெர்மட்டோம் படம்தான், அதில் பேச்சே இல்லை. அக்கி வந்தவரைப் பார்த்தால் தெரியும், கொப்புளம் ஒரு பக்கமாகப் பட்டை போட்டு, நடுக்கோட்டுக்கு வந்ததும் நின்றுவிடும். ஹெட், கேம்ப்பெல் என்ற இருவர் 1900-இல் அக்கியை வைத்துத்தான் இந்தப் பட்டைகளை வரைந்தார்கள். ஊரில் அக்கி எழுதுகிறவர் செங்காவியைத் தடவுவதும் அதே பட்டையின் மேல்தான். எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் மூன்று நாளுக்குள் டாக்டரையும் பார்த்துவிடுங்கள், மருந்து அப்போதுதான் நன்றாகப் பிடிக்கும்.

ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் கொழுந்து பறிக்கும் பெண்கள். "ராத்திரியில விரல் மதமதன்னு ஆயிடுது தம்பி, எந்திரிச்சு உதறினாத்தான் சரியாகுது" என்பார்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். டெர்மட்டோம் படத்தில் கட்டைவிரல் கழுத்தின் ஆறாவது வேர், நடுவிரல் ஏழாவது. அதை மட்டும் பார்த்தால் கழுத்தில் கோளாறு என்றுதான் தோன்றும். நானும் அப்படி நினைத்து, ஒரு அக்காவுக்கு ஆறு வாரம் கழுத்துப் பயிற்சியே கொடுத்துக்கொண்டிருந்தேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

அப்புறம்தான் மோதிர விரலைப் பார்க்கக் கற்றேன். கொழுந்துக் கறை படிந்த அந்த விரலை மேலே பார்க்கத் திருப்பி வைத்து, நுனியில் பஞ்சால் முதலில் நடுவிரல் பக்கம் தொட்டேன், பிறகு சுண்டுவிரல் பக்கம். "இங்க தெரியல, இங்க தெரியுது" என்றார் அந்த அக்கா. ஒரே விரல், நடுவில் கோடு போட்ட மாதிரி. வேரில் கோளாறு இருந்தால் விரல் இப்படி இரண்டாகப் பிரியாது. மீடியன் நரம்பு மோதிர விரலில் பாதியை எடுத்துக்கொள்கிறது, அல்நார் மீதிப் பாதியை எடுத்துக்கொள்கிறது, அதனால்தான் அந்தக் கோடு. கட்டைவிரலுக்குக் கீழே உள்ள மேட்டில் உணர்ச்சி நன்றாக இருந்தது, ஏனென்றால் அங்கே போகும் கிளை, மீடியன் நரம்பு மணிக்கட்டில் நுழைந்து போகும் இடுக்கான மணிக்கட்டுக் குகைக்கு முன்பே பிரிந்துவிடுகிறது. ஆக, அமுக்கம் மணிக்கட்டில். இரவில் மணிக்கட்டை மடங்காமல் பிடிக்கும் பட்டை கட்டச் சொன்னேன், சில வாரத்தில் தூக்கம் வந்தது.

சுண்டுவிரலுக்கும் இதே கதைதான். மரத்துப்போனது மணிக்கட்டோடு நின்றால் அல்நார் மேல் சந்தேகம், முன்கையின் உள்பக்கம் ஏறினால் வேர் மேல்.

டெர்மட்டோம் படத்தில் இன்னொரு தொல்லை, பக்கத்துப் பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும், ஒரு வேர் போனாலும் முழுசாக மரக்காது. அதனால் படமும் ஆளுக்கு ஒரு மாதிரி. 1933-இல் ஃபோர்ஸ்டர் வேர்களை வெட்டிப் பார்த்து வரைந்ததும், 1948-இல் கீகனும் கேரட்டும் முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டு பிதுங்கிய நோயாளிகளை வைத்து வரைந்ததும் ஒத்துப்போவதில்லை. கிளை நரம்பின் எல்லையும் ஆளுக்கு ஆள் கொஞ்சம் நகரும், மோதிர விரல் பிரியாதவர்களும் உண்டு. ஆனாலும் விரலில் வைத்துப் பார்க்க இதுதான் கைகொடுக்கிறது.

கால் விஷயத்தில் நான் அடித்துச் சொல்ல மாட்டேன், பார்த்தது குறைவு. இடுப்பிலிருந்து வலி இறங்கிப் பெருவிரல் மரத்தால் இடுப்பின் ஐந்தாவது வேரைத்தான் முதலில் நினைக்கிறேன், அதற்கு டெர்மட்டோம் படமே வேண்டும். அதனால் அதைத் தூக்கிப் போடவில்லை, பீரோவுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருக்கிறேன்.