1830 பலகை விளையாட்டு: அடுத்த ரயிலுக்கு யார் பணம் கட்டுவது?

பிரான்சிஸ் டிரெஷம் உருவாக்கி, 1986-ல் அவலான் ஹில் வெளியிட்ட விளையாட்டு ‘1830’. 2011-ல் மேஃபேர் இதை மறுபடி கொண்டுவந்தது. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி வரைபடம், அறுகோணத் தண்டவாள அட்டைகள், எட்டு ரயில் கம்பெனிகளின் பங்குப் பத்திரங்கள், பங்கு விலையைக் குறிக்க ஒரு கட்டப் பலகை. பகடை உருட்டும் வேலையே இல்லை. என்ன நடந்தாலும் எதிரே உட்கார்ந்திருப்பவர் செய்ததுதான், அல்லது நாமே செய்துகொண்டது.

ஆட்ட முடிவில் எண்ணுவது அவரவர் கைரொக்கத்தையும் பங்குகளின் சந்தை மதிப்பையும். கம்பெனிக் கல்லாவில் எவ்வளவு இருந்தாலும் அது அந்தக் கம்பெனியை நடத்தும் தலைவருக்குச் சேராது. புதிதாக ஆடுபவர்கள் இதை மறந்துவிட்டு அழகாகத் தண்டவாளம் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

நான்கு பேர் ஆடினால் ஆளுக்கு 600 டாலர். முதலில் 20 முதல் 220 டாலர் வரை மதிப்புள்ள ஆறு சிறு தனியார் கம்பெனிகள் ஏலத்துக்கு வரும். அது முடிந்ததும் பங்குச் சுற்று. ஒரு பெரிய கம்பெனியின் 20 சதவீதத் தலைவர் பத்திரத்தை வாங்குபவர் அதன் தொடக்க விலையை 67 முதல் 100 வரை முடிவு செய்வார். 60 சதவீதம், அதாவது பத்தில் ஆறு பங்கு, விற்றுப்போனதும் அந்த விலையைப் போல் பத்து மடங்கு கல்லாவுக்கு வந்துவிடும். 67 வைத்தால் ஆறு பங்குக்கு 402 செலவு, கல்லாவில் 670. நூறு வைத்தால் செலவு 600, கல்லாவில் 1,000. ஏலத்தில் பணம் போட்ட பிறகு யார் கையிலும் 600 மிஞ்சாது. ஆகவே நூறு வைத்தால் கூட்டாளி வேண்டும். 67 வைத்தால் தனியாகவே ஓட்டலாம், ஆனால் கல்லா சீக்கிரம் வறண்டுவிடும்.

இயக்கச் சுற்றில் கம்பெனி ஒரு தண்டவாள அட்டை வைக்கும், ரயிலை ஓட்டி வசூலிக்கும். வசூலைப் பங்குதாரர்களுக்குக் கொடுத்தால் பங்கு விலை வலப்பக்கம் ஒரு கட்டம் ஏறும். கல்லாவிலேயே வைத்துக்கொண்டால் இடப்பக்கம் இறங்கும். யாராவது பங்கை விற்றால், விற்ற ஒவ்வொரு பங்குக்கும் ஒரு வரிசை கீழே போகும்.

விளையாட்டின் உயிர் ரயில்களில் இருக்கிறது. எண் 2 ரயில் (இரண்டு ஊர்களைத் தொட்டு ஓடுவது) 80 டாலர், ஆறு இருக்கின்றன. எண் 3 ரயில் 180, ஐந்து. எண் 4 ரயில் 300, நான்கு. 5 ரயில் 450, மூன்றே மூன்று. 6 ரயில் 630, இரண்டு. டீசல் 1,100. முதல் 4 ரயில் விற்ற நொடியில் எல்லா 2 ரயில்களும் காலாவதி. முதல் 6 வந்தால் 3 ரயில்கள் போகும். முதல் டீசல் வந்தால் 4 ரயில்கள் போகும். 5, 6, டீசல் இவற்றுக்கு மட்டும் அழிவில்லை. டீசல் விலை அதிகம், அதனால் 5-ம் 6-ம் சேர்ந்த ஐந்து ரயில்களுக்குத்தான் அடிதடி. ஓடும் பாதை உள்ள கம்பெனியிடம் ரயில் இருந்தே ஆக வேண்டும். கல்லாவில் போதாததைத் தலைவர் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டும். கல்லாவில் 120 இருக்க, கடையில் டீசல் மட்டுமே மிச்சம் என்றால் 980 டாலர் அவர் தலையில் விழும். பங்குகளை விற்றும் கட்ட முடியாவிட்டால் அவர் திவால். ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

இதற்காகவே கல்லா காலியான கம்பெனியை அடுத்தவர் தலையில் கட்டும் கலை. அதிகப் பங்கு வைத்திருப்பவரே தலைவர். ஒருவரிடம் ஆறு பங்கு, இன்னொருவரிடம் இரண்டு என்று வையுங்கள். நான்கை விற்றால் இருவரும் சமம், தலைவர் மாற மாட்டார். ஐந்தை விற்றால்தான் நாற்காலி அவருக்குப் போகும். ஆனால் சந்தையில் ஒரு கம்பெனியின் பங்கு 50 சதவீதத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. ஏற்கெனவே ஒரு பங்கு அங்கே இருந்தால் ஐந்தை விற்க வழியில்லை, மாட்டிக்கொண்டீர்கள். எனவே இன்னொருவர் உங்கள் கம்பெனியில் இரண்டாவது பங்கை வாங்கும்போதும், சந்தையில் முதல் பங்கு விழும்போதும் கணக்குப் போட்டே ஆக வேண்டும். அடுத்தவர் கம்பெனியில் இரண்டு பங்கு வைத்திருப்பவர் ஒவ்வொரு சுற்றிலும் அதன் கல்லாவையும் பார்க்க வேண்டும். இரண்டு கம்பெனிக்கு ஒரே தலைவர் என்றால் ஒன்றின் நல்ல ரயிலை ஒரு டாலருக்கு மற்றொன்று வாங்கிக்கொள்ளலாம். விதிப்படி அதில் தப்பே இல்லை.

குறை இல்லாமல் இல்லை. மூன்று மணி நேரம் குறைந்தபட்சம், புதியவர்கள் இருந்தால் ஆறு. நடுவில் நொறுங்கியும் திவால் ஆகாதவர் கடைசிவரை உட்கார்ந்திருக்க வேண்டும். வங்கியின் 12,000 டாலரையும் காகித நோட்டில் எண்ணுவது பெரும் தொல்லை. போக்கர் சில்லுகளுக்கு மாற்றினால் நேரம் கணிசமாக மிச்சமாகும். கல்லாவைத் தனித் தட்டில், எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள். தலைவரின் பணமும் கம்பெனிப் பணமும் கலந்துபோவதுதான் முதல் ஆட்டத்தில் அடிக்கடி நடக்கும் தவறு.

நான்கு பேர் கூடினால் மிகப் பொருத்தம். சண்டை போட்டுக்கொண்டே சிரிக்கத் தெரிந்த நால்வராக இருந்தால் தயங்காமல் வாங்கலாம்.