பெருவிடைச் சேவலுக்கு எந்தப் பெட்டி? சாக்கு முதல் கிரேட் வரை பல ஆண்டு அனுபவம்

திண்டுக்கல் மாவட்டம் அய்யலூரில் வியாழக்கிழமைச் சந்தைக்குப் போனால், சேவல்கள் வந்து இறங்கும் விதங்கள் எல்லாவற்றையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம். கால்களைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டவை, சாக்கின் ஓட்டையில் தலையை நீட்டியவை, வலை மூடிய மூங்கில் கூடைக்குள் இருப்பவை, பிளாஸ்டிக் கிரேட்டில் முடங்கிக் கிடப்பவை. தலைகீழ் முறையைத் தவிர மற்றவை எல்லாம் என் வீட்டில் பல ஆண்டுகள் புழங்கியவை. நான் வளர்ப்பது பெருவிடை, அதாவது உருவத்தில் பெரிய நாட்டுக்கோழி. 4 கிலோ தாண்டும் சேவல்கள். சிறிய உருவமுள்ள சிறுவிடை வளர்ப்பவர்களுக்கு இவ்வளவு கவலை தேவைப்படாது.

பெட்டிக்கு முன்னால் பிடிப்பதைப் பேசியாக வேண்டும். பகலில் தோட்டம் முழுக்க விரட்டிப் பிடித்த சேவலுக்கு எந்தப் பெட்டியும் உதவாது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, உடல் வெப்பமோ இயல்பிலேயே 41 டிகிரி அளவில் இருக்கும். ஓடிச் சேர்த்த சூட்டை வாயைத் திறந்து இரைத்துத்தான் தணிக்க வேண்டும். அந்த நிலையில் அடைத்துவைத்து வெயிலில் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

காலை வளைத்துப் பிடிக்கும் நீளக் கம்பிக் கொக்கி பெட்டைகளுக்குப் பரவாயில்லை. கனத்த சேவல் உதறி எம்பும்போது மொத்த எடையும் ஒரே மூட்டில் விழுகிறது. என் கொக்கி இப்போது முருங்கைக்காய் பறிக்கப் பயன்படுகிறது, அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. மீன் அள்ளும் கைவலையும் சரிவராது. பிடிக்க ஒரு நிமிடம், காலின் பின்பக்கம் நீட்டியிருக்கும் குதிமுள்ளில் சிக்கிய நூலைப் பிரிக்கப் பத்து நிமிடம்.

காசில்லாத வழிதான் இன்றுவரை கைகொடுக்கிறது: பொழுது சாய்ந்து சேவல் அடைந்த பிறகு பிடிப்பது. இருட்டில் கோழிக்குப் பார்வை மந்தம். டார்ச்சின் முகத்தில் நீலக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொண்டால் நமக்கு வழி தெரியும், அது மிரளாது. பின்பக்கமாகப் போய் இரண்டு இறக்கைகளையும் உடலோடு சேர்த்து அணைத்து, மறு உள்ளங்கையை நெஞ்சுக்கு அடியில் நுழைத்து, கால்களை விரல்களுக்கு இடையே பற்ற வேண்டும். குதிமுள் நம் பக்கம் திரும்பக் கூடாது. பிறகு தலை பின்பக்கம் இருக்குமாறு கக்கத்தில் இடுக்கிக்கொள்ளலாம். ஒற்றை இறக்கையைப் பிடித்துத் தூக்கினால் மூட்டு விலகும். நெஞ்சை இறுக்குவது அதைவிட மோசம். கோழிக்கு நம்மைப்போல் உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. தலைகீழாகத் தொங்கும்போது குடல், ஈரல் எல்லாம் காற்றுப்பைகளை அழுத்துகின்றன. அது ‘சாதுவாகிவிட்டது’ என்று சந்தையில் சொல்வார்கள். மூச்சுக்கே திணறுகிற உயிர் சாதுவாகத்தான் இருக்கும்.

இனிப் பெட்டிகள். சாக்கு மலிவு, மடித்து வைக்கலாம், நல்லது அவ்வளவுதான். பிராய்லர் பண்ணைகளில் புழங்கும் பிளாஸ்டிக் கிரேட் கழுவ எளிது, அடுக்கலாம், காற்று நன்றாகப் போகும். நான் வாங்கியதில் முதலில் போனது மூடித் தாழ்தான். வெயிலில் கிடந்து நொறுங்கிவிட்டது, இப்போது கட்டுக்கம்பி போட்டு ஓட்டுகிறேன். உண்மையான குறை உயரம். ஏறத்தாழ ஓரடி உயரமுள்ள அந்தப் பெட்டி, இரண்டு கிலோவில் உட்கார்ந்தே கிடக்கும் பிராய்லருக்கு அளவெடுத்தது. நெடுங்கால் பெருவிடை அதில் நிமிர முடியாமல் கொண்டையை மேல்கம்பியில் உரசிப் புண்ணாக்கிக்கொள்ளும். அரை மணி நேரப் பயணத்துக்கு மட்டும் அதை எடுக்கிறேன்.

நெடும்பயணத்துக்கு மூங்கில் கூடை. உயரம் வைத்துப் பின்னித் தரச் சொன்னேன். ஒரு கூடைக்கு ஒரு சேவல். ஒன்றாக வளர்ந்த சேவல்களாயிற்றே என்று இரண்டைச் சேர்த்து அடைத்தால், இடம் மாறிய மிரட்சியில் அங்கேயே யார் பெரியவன் என்ற மூப்புச் சண்டை தொடங்கிவிடும். அடியில் சாக்கு விரித்து வைக்கோல் போட்டால் கால் வழுக்காது. இதிலும் தொல்லை உண்டு: பின்னல் இடுக்குகளில் உண்ணி குடியேறும். ஒவ்வொரு முறையும் கொதிநீர் ஊற்றி வெயிலில் காயவைக்க வேண்டும். மூங்கில் அதனாலேயே சீக்கிரம் தளர்கிறது. ஆனாலும் என் தேர்வு இதுதான்.

மேலே மூட பழைய பருத்தி வேட்டி போதும். இருட்டு கிடைத்தால் சேவல் படுத்துவிடும். தார்ப்பாய் போட்டால் காற்று அடைபடும். கார் டிக்கி வேண்டவே வேண்டாம். டி.வி.எஸ். எக்ஸ்.எல். முன்பலகையில் கூடை கச்சிதமாக உட்காரும். எதிர்க்காற்றுக்கு முன்பக்கம் மட்டும் இரண்டு மடிப்புத் துணி. விலங்குகள் போக்குவரத்து விதிகளில் 2001இல் சேர்த்த கோழிப் பகுதி, 25 டிகிரிக்கு மேல் கோழிகளை ஏற்றிச் செல்லக் கூடாது என்கிறது. சித்திரை மாதத்தில் எங்கள் ஊரில் நள்ளிரவில்கூட அந்த அளவு கிடைப்பது கடினம். அதன் நோக்கத்தை எடுத்துக்கொண்டு, விடியும் முன்பே புறப்பட்டுவிடுகிறேன். முந்தைய மாலைக்குப் பிறகு தீனி இல்லை. இரைப்பை நிறைந்திருந்தால் குலுக்கலில் கக்கிவிடும். தண்ணீர் மட்டும் கிளம்பும்வரை இருக்கும். வழியில் இறக்கையை உடலிலிருந்து விலக்கி வைத்து இரைத்தாலோ, கொண்டை கருநீலமாக மாறினாலோ உடனே நிழலில் நிறுத்த வேண்டும்.

வாங்கி வந்த சேவலை மூன்று வாரம் தனியே வைக்கிறேன். வெள்ளைக் கழிச்சல் பயம். அந்த நோய் கூடையில் ஒட்டிய எச்சத்தோடும் வரும். அதனால் கூடையை யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை. கேட்டு வருபவர்களுக்குப் பழக்கடை அட்டைப்பெட்டியில் துளைபோட்டுத் தருகிறேன். ஒரு பயணத்துக்குத் தாங்கும், திருப்பித் தரவும் வேண்டியதில்லை.