75 அங்குல ஸ்மார்ட் போர்டு: வகுப்பறைக்கு வாங்குமுன் பார்க்க வேண்டியவை

ஸ்மார்ட் போர்டு விற்பவர்கள் முதலில் அடுக்குவது 40 தொடுபுள்ளிகள் (ஒரே நேரத்தில் 40 இடத்தில் தொடலாம்), 50,000 மணி நேர ஆயுள். இரண்டையும் ஒதுக்கிவிடலாம். 75 அங்குலப் பலகையின் அகலம் சுமார் 165 செ.மீ. அதன் முன் மூன்று பிள்ளைகள் நின்றாலே முழங்கை இடிக்கும். ஆயுள் கணக்கு திரையின் பின்னொளிக்கு மட்டும்தான். நாளுக்கு 7 மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் ஓட்டினால் 50,000 மணி நேரம் தீர 35 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்கு வெகு முன்பே உள்ளே இருக்கும் ஆண்ட்ராய்டு பழசாகிவிடும்.

அளவில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். எழுத்தைச் சிரமமில்லாமல் படிக்க, திரை உயரத்தைப் போல ஆறு மடங்கு தூரத்துக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. 75 அங்குலத் திரையின் உயரம் 93 செ.மீ., அதாவது 5.6 மீட்டர் வரை சரி. 65 அங்குலம் 4.9 மீட்டரிலும், 86 அங்குலம் 6.4 மீட்டரிலும் நின்றுவிடும். டேப்பைப் பிடித்துச் சுவரிலிருந்து கடைசி பெஞ்சு வரை அளந்த பிறகு விலைப்பட்டியலைத் திறப்பது நல்லது.

எழுதும் அனுபவம் இப்போது நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் கடையில் கோடு கிழித்துப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். ‘இ’, ‘ஞ’, ‘ணூ’ என்று வழக்கமான வேகத்தில், உள்ளங்கை அளவுக்கு எழுதிப் பாருங்கள். கோட்டை வழவழப்பாக்கும் மென்பொருள் மட்டமாக இருந்தால் சுழிகள் அடைபட்டு மை உருண்டையாகத் தெரியும். பக்கவாட்டில் நின்றும் எழுத வேண்டும். கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே காற்று இடைவெளி உள்ள மாடல்களில் பேனா முனை ஓரிடத்திலும் கோடு சற்றுத் தள்ளியும் விழும். கண்ணாடியைத் திரையோடு ஒட்டிய மாடல்களில் இந்த விலகல் மிகக் குறைவு.

பெரும்பாலான பலகைகள் தொடுகையை அகச்சிவப்புக் கதிர்களால் அறிகின்றன. சட்டத்தின் உள்விளிம்பிலிருந்து கதிர்கள் கண்ணாடியை ஒட்டிக் குறுக்கும் நெடுக்குமாகப் போகும். நடுவில் எது மறித்தாலும் அது தொடுகைதான். சட்டைக் கை நுனி உரசினால் தானாகக் கோடு விழுவது இதனால்தான். சாக்பீஸ் தூள் கீழ்விளிம்பில் படிந்தால் திரையில் ஒரு பட்டை மட்டும் தொட்டால் வேலை செய்யாது, அல்லது யாரும் தொடாமலே அங்கே புள்ளி விழும். மின்சாரத்தை அணைத்து, உலர்ந்த மென்தூரிகையால் நான்கு உள்விளிம்புகளையும் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். திரையில் நேராகத் தண்ணீரோ கிளீனரோ தெளிக்கக் கூடாது. வழிந்து சட்டத்துக்குள் இறங்கும். ஜன்னல் வெயில் நேராகச் சட்டத்தில் விழுந்தாலும் தொடுகை தடுமாறும், ஆகவே ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம்.

‘படம் வருகிறது, தொட்டால் வேலை செய்யவில்லை’ என்பது அடிக்கடி கேட்கும் புகார். எச்டிஎம்ஐ கேபிள் படத்தையும் ஒலியையும் மட்டுமே கொண்டுபோகும். தொடுகை மடிக்கணினிக்குத் திரும்ப, தனியே ஒரு யுஎஸ்பி கேபிள் வேண்டும். அது 5 மீட்டருக்கு மேல் நீண்டால் தொடுகை விட்டுவிட்டு வரும். டைப்-சி ஒரே கேபிளில் எல்லாவற்றையும் முடித்துவிடும், ஆனால் மடிக்கணினியின் அந்தத் துளை படம் அனுப்பக்கூடியதாக இருக்க வேண்டும். போன் சார்ஜர் கேபிளைச் செருகினால் சார்ஜ் மட்டும் ஏறும். நீளமான கேபிளில் படம் கறுத்துக் கறுத்து வந்தால் மடிக்கணினியில் படத்தின் தெளிவளவை (resolution) 1920 x 1080க்கு இறக்கிப் பாருங்கள்.

பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ்ப் பாடக் கோப்புகளைப் பென் டிரைவில் கொண்டுவந்து பலகையிலேயே திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டும். பாமினி போன்றவற்றில் தயாரித்த கோப்பை எழுத்துரு பதிந்த பிடிஎஃப் ஆக மாற்றிக் கொண்டுவந்தால் போதும். யூனிகோடில் அடித்ததற்கு இந்தத் தொல்லை இல்லை.

உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் உள்ளிருக்கும் ஆண்ட்ராய்டுதான். பல மாடல்களுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு அரிதாகவே வருகிறது. அதில் ஓர் ஆசிரியர் தன் கணக்கைத் திறந்து, மறந்து அப்படியே போய்விட்டால் அடுத்த பீரியடில் மதிப்பெண் பட்டியலும் பெற்றோரின் போன் எண்களும் எல்லார் கண்ணிலும் படும். பிள்ளைகளின் விவரம் இப்படிச் சிதறுவதை எந்தப் பள்ளியும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பலகையில் சொந்தக் கணக்கே திறக்காமல் மடிக்கணினியை இணைத்து நடத்துவதுதான் பாதுகாப்பு. போன் திரையைப் பலகைக்கு அனுப்பும் வசதிக்குக் கடவு எண் (PIN) கட்டாயமாக்கி வையுங்கள். இல்லாவிட்டால் அதே வைஃபையில் உள்ள எந்தப் போனும் பாடத்தின் நடுவே புகுந்துவிடும்.

ஓபிஎஸ் எனப்படும் கணினிச் செருகு இடம் இல்லாத மாடலை வாங்க வேண்டாம். ஆண்ட்ராய்டு உதவாமல் போனாலும் புத்தகம் அளவுள்ள கணினியைச் செருகிப் பலகையைத் தொடர்ந்து ஓட்டலாம். முழுதாக அணைத்த பிறகே அதைச் செருகவோ உருவவோ வேண்டும்.

பொருத்தும்போது பழைய எழுதுபலகையைக் கழற்றி எறிய வேண்டாம். மின்சாரம் போனால் பாடம் நடக்கவும், கணக்கின் முதல் வரியை அழிக்காமல் கடைசி வரை வைத்திருக்கவும் அது தேவைப்படும். தூள் பறக்காத மார்க்கர் பலகையாக இருந்தால் பக்கத்திலேயே மாட்டலாம். 75 அங்குலப் பலகை சுமார் 50 கிலோ இருக்கும். உள்ளீடற்ற செங்கல் சுவரில் திருகாணிக்குப் போடும் சாதாரண பிளக் தாங்காது. சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிப்போகும் பொருளும் அல்ல இது. ஆகவே நேரில் வந்து பழுதுபார்ப்பது, எத்தனை நாளுக்குள் வருவார்கள், தொடுசட்டமும் உத்தரவாதத்தில் சேருமா என்ற மூன்றையும் ஆர்டர் கொடுக்குமுன் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.