பின்னலா, வாயுவா, விண்மீனா? மலையகத்திலிருந்து பௌதிகவியல் ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு

பௌதிகவியலில் சிறப்புப் பட்டம் படிக்கும் மலையகப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “சேர், குவாண்டம் பக்கம் போகவா, ஸ்பேஸ் பக்கம் போகவா?” வாயு இயக்கவியலை, அதாவது ஒலி வேகத்தை நெருங்கியும் தாண்டியும் பாயும் வாயுக்களின் பௌதிகத்தை, பற்றி யாரும் கேட்பதில்லை. அது எஞ்சினியர்மாரின் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஹட்டனிலோ பசறையிலோ வீடு, பேராதனையில் படிப்பு, கையில் ஒரு பழைய லெப்டொப் என்று இருப்பவருக்கு, யாரும் கேட்காத அந்த மூன்றாவதுதான் நல்ல வாசல் என்பது என் எண்ணம்.

குவாண்டம் பின்னல் என்பது, இரண்டு துணிக்கைகள் எவ்வளவு தூரம் பிரிந்தாலும் அவற்றின் அளவீடுகள் ஒன்றோடொன்று பிணைந்து நிற்பது. அதன் கவர்ச்சியை மறுக்க முடியாது. குவாண்டம் கொள்கை முழுமையானதா என்று 1935இல் ஐன்ஸ்டைனும் பொடொல்ஸ்கியும் ரோசனும் எழுப்பிய சந்தேகத்தை, 1964இல் ஜோன் பெல் ஆய்வுகூடத்தில் அளந்து பார்க்கக்கூடிய ஒரு சமனிலியாக மாற்றினார். இரண்டு துணிக்கைகளும் பிரியும்போதே விடைகளைக் கையோடு கொண்டுபோகின்றன, ஒன்றை அளப்பது மற்றதைப் பாதிப்பதில்லை என்று வைத்துக்கொண்டால், அளவீடுகளைச் சேர்த்துக் கணிக்கும் ஓர் எண் 2ஐத் தாண்டக்கூடாது. குவாண்டம் கொள்கையோ ஏறக்குறைய 2.83 வரை விடுகிறது. 1972இல் கிளவுசரும் 1980களின் தொடக்கத்தில் அஸ்பேயும் செய்த சோதனைகளில் இயற்கை குவாண்டம் கொள்கையின் பக்கமே நின்றது. 2015இல் டெல்ஃப்ட் நகரில், 1.3 கிலோமீற்றர் இடைவெளி விட்டு, இரண்டு பக்கமும் தமக்குள் செய்தி பரிமாறியிருக்கலாம் என்பது போன்ற மிச்சமிருந்த முக்கிய ஓட்டைகளையும் அடைத்தார்கள். பின்னல் சோதனைகளின் இன்னொரு முன்னோடியான சைலிங்கர், கிளவுசர், அஸ்பே மூவருக்கும் 2022இல் நோபல் கிடைத்தது.

சரி, இதை இங்கே செய்ய என்ன வேண்டும்? 405 நனோமீற்றர் ஊதா லேசர் ஒன்று. அதன் ஒளி விழ பேரியம் போரேற் பளிங்கு ஒன்று. அந்தப் பளிங்கில் மிக மிக அரிதாக ஒரு போட்டோன் (ஒளித்துணிக்கை) இரண்டாகப் பிரிந்து 810 நனோமீற்றர் இரட்டையராக வெளிவரும். லேசரையும் பளிங்கையும் எப்படியாவது தேடிக்கொள்ளலாம். ஒற்றைப் போட்டோனை எண்ணும் கருவிதான் கழுத்தைப் பிடிக்கும். ஒன்றே ஆயிரக்கணக்கான டொலர், அதுவும் குறைந்தது இரண்டு வேண்டும். டொலர் ஏறிய பிறகு இதைப் பற்றிப் பேசவே மனம் வருவதில்லை.

ஐபிஎம் 2016இலிருந்து இணையத்தில் திறந்துவைத்திருக்கும் குவாண்டம் கணினியில் பெல் சோதனையை ஓடவிடலாமே என்று கெட்டிக்காரப் பிள்ளைகள் கேட்பார்கள். ஓடவிடலாம், மாதத்துக்குச் சில நிமிடங்கள் இலவசம்தான். ஆனால் அந்தச் சில்லில் இரண்டு கியூபிட்டுகளும் (குவாண்டம் கணினியின் தகவல் அலகுகள்) மில்லிமீற்றர் கணக்குத் தூரத்தில் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றதற்குச் செய்தி போக நேரமே இல்லை என்று அங்கே வாதாட முடியாது. பயிற்சியாக நல்லது, ஆய்வு ஆகாது. ஆகவே இங்கிருந்து பின்னல் என்றால் அது கொள்கை வேலைதான்: நேர்கோட்டு அட்சரகணிதம், தகவல் கோட்பாடு, கொப்பி, பேனை. அது தாழ்ந்த வேலை இல்லை. குவாண்டம் கொள்கையின் முன்னோடி டிராக்கிடம் பயின்ற நம் நாட்டுத் தமிழர் சி. ஜே. எலியேசர் அப்படிப்பட்ட வேலையால்தான் பெயர் வாங்கினார். ஆனால் தனியே உட்கார்ந்து மாதக்கணக்காக முட்டிக்கொள்ளும் குணம் வேண்டும். வழிகாட்ட ஒருவர் பக்கத்தில் இல்லாவிட்டால் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

வான்பௌதிகவியலுக்கு வருவோம். மலையில் இருக்கிறோம், வானம் கிட்ட என்ற நினைப்பை முதலில் விட வேண்டும். மவுனா கியா 4,200 மீற்றர். அங்கே தொலைநோக்கிகள் பெரும்பாலான இரவுகளில் முகிலுக்கு மேலே நிற்கின்றன. நுவரெலியா 1,868 மீற்றர், முகில் வந்து தங்கும் உயரம். பார்க்க நல்ல காலம் எப்போது என்று கேட்டால் தேயிலைக்காரரைக் கேளுங்கள் என்பேன். ஹட்டன், தலவாக்கலைப் பக்கத் தூளுக்கு நல்ல காலம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. ஊவாத் தூளுக்கு ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை. மேற்குச் சரிவில் மழை கொட்டும்போது பதுளைப் பக்கம் வரண்ட காற்று அடிக்கும். வானம் தெளிவதும் கிட்டத்தட்ட அதே கணக்கில்தான். அந்த நாட்களில் பண்டாரவளையில் நின்றால் ஏழு பாகை வடக்கில் இருப்பதன் பலன் தெரியும். வடதுருவ விண்மீனும் தென்துருவமும் தொடுவானத்தை ஒட்டியே இருப்பதால், வருடம் முழுதும் பார்த்தால் நம் கண்ணுக்குத் தப்பும் வானம் மிகக் கொஞ்சம்.

ஆனால் ஆய்வுக்கு வானமே தேவையில்லை. விண்மீன்களின் இடங்களை அளந்த காயா செய்மதியின் தரவிலிருந்து 2022இல் வெளியிட்ட பட்டியலில் ஏறக்குறைய 180 கோடி ஒளிப்புள்ளிகள் இருக்கின்றன, யாரும் இறக்கிக்கொள்ளலாம். வேறு விண்மீன்களின் கிரகங்களைத் தேடும் டெஸ் செய்மதியின் ஒளிவளைவுக் கோப்பு (ஒரு விண்மீனின் ஒளி நேரத்தோடு மாறுவதன் பதிவு) ஒன்று சில மெகாபைட்தான், இரவு டேட்டாவிலேயே இறங்கிவிடும். வாஸ்ப்-18 என்ற விண்மீனின் கோப்பைத் திறந்தால், 0.94 நாளுக்கு ஒருமுறை ஒளி நூற்றில் ஒரு பங்கு குறைந்து மறுபடி ஏறுவது கண்ணுக்கே தெரியும். அதை ஒரு கிரகம் மறைக்கிறது. லயத்து அறையில் இருந்துகொண்டு இன்னொரு சூரியனின் கிரகத்தை இப்படிப் பார்க்கும் பிள்ளையை அப்புறம் தடுக்க முடியாது.

குறை என்னவென்றால், அதே கோப்பை உலகம் முழுதும் பார்க்கிறார்கள். சுலபமானதை எல்லாம் பெரிய குழுக்கள் எடுத்துவிட்டன. இறக்கி, வரைந்து, படம் காட்டுவதோடு நின்றால் அது ஆய்வுக் கட்டுரை ஆகாது. புதிதாகச் சொல்ல ஒரு பௌதிகம் வேண்டும். அந்தப் பௌதிகம் பல இடங்களில் வாயு இயக்கவியல்.

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பெரிய விசிறியைக் காட்டி, இதுதானே வாயு இயக்கவியல் என்பார்கள். இல்லை. ஒலி வேகத்தின் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே காற்றின் அடர்த்தி பெரிதாக மாறுவதில்லை, அங்கே சாதாரண பாய்மவியல் போதும். கூத்து அதற்கு மேலேதான் தொடங்குகிறது. அதைப் பார்க்கக் குசினிக்குப் போனால் போதும். நுவரெலியாவில் வெளிக்காற்றின் அமுக்கம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு. பிரஷர் குக்கர் அதற்கு மேல் ஒரு வளிமண்டலம் கூட்டுகிறது. ஆகவே வெளி அமுக்கம் உள்ளே இருப்பதில் பாதிக்கும் குறைவு. நீராவிக்கு இந்த விகிதம் ஏறக்குறைய 0.55க்குக் கீழே போனாலே பாய்ச்சல் மிகக் குறுகிய இடத்தில் ஒலி வேகத்தைத் தொட்டுவிடும். வெளி அமுக்கத்தை அதற்கு மேல் எவ்வளவு குறைத்தாலும் அந்த வழியால் கூடுதல் நீராவி வராது. ரொக்கற் குழலின் கழுத்தில் நடப்பதும் இதே சங்கதி. (கொழும்பை விட இங்கே பருப்பு அவியச் சுணங்குவதும் அதே குறைந்த அமுக்கத்தால்தான்.)

லெப்டொப்பில் தொடங்க சொட் என்பவரின் 1978ஆம் ஆண்டுக் கணக்கு இருக்கிறது. ஒரு குழாய், நடுவில் மெல்லிய தடுப்பு. இடப்பக்கம் அடர்த்தி 1, அமுக்கம் 1. வலப்பக்கம் அடர்த்தி 0.125, அமுக்கம் 0.1. தடுப்பை எடுத்தால் அதிர்ச்சி அலை (அமுக்கமும் அடர்த்தியும் திடீரென எகிறும் முகப்பு) வலப்பக்கம் ஓடும், விரிவலை இடப்பக்கம் பரவும், நடுவே இரண்டு வாயுக்களும் தொடும் எல்லை மெதுவாக நகரும். குழாயின் நீளம் 1, தடுப்பு 0.5இல் என்றால், நேரம் 0.2இல் அதிர்ச்சி அலை 0.85இல் நிற்க வேண்டும். சரியான விடை கையில் இருப்பதால் நீங்கள் எழுதிய நிரல் பொய் சொல்ல முடியாது. குழாயைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணிக்க கொடுனோவ் 1959இல் சொன்ன முறையைப் பைதன் நிரல்மொழியில் எழுத நூறு வரி போதும், ஓடச் சில விநாடிகள். முதல் தடவை அலை கூராக வராமல் சரிந்து பூசினாற்போல வரும். ஏன் அப்படி என்று தேடுகிற இடத்தில்தான் ஆய்வு தொடங்குகிறது.

இங்கிருந்து விண்மீனுக்குத் தூரம் அதிகமில்லை. வான்பௌதிகவியலாளர்கள் பயன்படுத்தும் அதீனா போன்ற திறந்த நிரல்களைச் சோதிப்பதும் இதே சொட் கணக்கால்தான். சுப்பர்நோவா (வெடித்துச் சிதறும் விண்மீன்) வெடித்த பின் ஒரு கட்டத்தில் அதன் அதிர்ச்சி அலையின் ஆரை நேரத்தின் ஐந்தில் இரண்டு அடுக்காக வளர்கிறது. அணுகுண்டின் சக்தியைப் படங்களை வைத்து ஜி. ஐ. டெய்லர் கணித்ததும் அதே சூத்திரத்தால். 1909இல் கொடைக்கானலில் எவர்ஷெட் கண்டுபிடித்ததும் சூரியப் புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைத்தான்.

செய்முறைக்கும் வழி உண்டு. தொலைநோக்கிக்கு வாங்கும் குழிவாடி ஒன்று, சிறு எல்ஈடி, ஒரு சவர அலகு, போன் கமரா. காற்றின் அடர்த்தி வேறுபாட்டைக் கண்ணுக்குக் காட்டும், டெப்லர் 1864இல் காட்டிய ஷ்லீரன் முறை இவ்வளவுதான். மெழுகுதிரிக்கு மேல் எழும் சூடான காற்று திரையில் புகைபோல் தெரியும்.

இதன் குறைகளையும் மறைக்கக்கூடாது. வழிகாட்டக்கூடியவர் பெரும்பாலும் பொறியியல் பீடத்தில்தான் இருப்பார், பௌதிகவியல் துறையிலிருந்து போய்க் கதவைத் தட்ட வேண்டும். எண்முறைக் கணிதத்தைச் சொந்தமாகப் படிக்க வேண்டும். வீட்டில் விளங்கப்படுத்துவதும் கஷ்டம்: “கருந்துளை படிக்கிறேன்” என்றால் ஊரே கேட்கும், “அதிர்ச்சி அலை” என்றால் கரண்ட் அடித்ததா என்பார்கள்.

மேற்படிப்புக்கு மூன்றுக்கும் பக்கத்து நாட்டில் இடம் இருக்கிறது. பின்னலுக்குப் பெங்களூரின் ராமன் ஆய்வு நிறுவனம், அதிர்ச்சி அலைக்கு அதே ஊரின் இந்திய அறிவியல் கழகம், வானத்துக்கு இந்திய வான்பௌதிகவியல் நிறுவனமும் பூனேயின் வான்பௌதிகவியல் மையமான ஐயுகாவும். நேர்கோட்டு அட்சரகணிதத்தில் உண்மையாகவே ருசி கண்டவர் பின்னலுக்குப் போகட்டும், நான் மறிக்கமாட்டேன். மற்றவர்கள் பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதும்போது “சிறுவயதிலிருந்தே விண்வெளியில் ஆர்வம்” என்ற வரியை வெட்டிவிட்டு, சொட் கணக்கின் வரைபையும் நிரலையும் இணையுங்கள். எத்தனை கூறுகளாகப் பிரித்தீர்கள், அதைக் கூட்டும்போது பிழை எவ்வளவால் குறைந்தது என்று இரண்டு வரி சேர்த்தால் போதும்.