ஒரு பக்கத் தாளும் ஒரு மாவு மில்லும்: தம்பியோடு 9 ஆண்டு அனுபவம்

என் தம்பிக்கு இப்போது 28 வயது. ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் சேர்ந்து உண்டு. பேச்சு என்று பார்த்தால் 20, 25 சொற்கள்தான். மீதியைப் படம் காட்டியோ நம் கையைப் பிடித்து இழுத்துப் போயோ சொல்லிவிடுவான். தெற்கே ஒரு சிறு நகரத்தில் அம்மாவோடு இருக்கிறான். நான் அதே ஊரில் நாலு தெரு தள்ளி இருக்கிறேன். சிறப்புப் பள்ளி 18 வயதோடு முடிந்துபோக, "இனிமேல் என்ன?" என்ற கேள்வியோடு வீட்டில் உட்கார்ந்த எல்லாப் பெற்றோரையும் போலத்தான் நாங்களும் உட்கார்ந்தோம். அவனுக்கு எது முக்கியம் என்று ஒரே பக்கத்தில் எழுதி அதிலிருந்து திட்டமிடுகிற, 2016 முதல் இன்றுவரை நாங்கள் பயன்படுத்திப் பார்த்த ஒரு முறையைப் பற்றியும், கூடவே அரசுத் திட்டங்கள் கையில் எப்படி வந்து சேர்ந்தன என்பதையும் எழுதுகிறேன்.

பள்ளி முடிந்ததும் முதலில் ஒரு பகல்நேர மையத்தில் சேர்த்தோம். பெயர் வேண்டாம், அங்கே இருந்தவர்கள் நல்ல மனிதர்கள். ஆனால் ஒரே கூடத்தில் 30 பேர், எல்லோருக்கும் ஒரே வேலை: காகித உறை ஒட்டுவது, மெழுகுவர்த்தி செய்வது. தம்பிக்கென்று ஒரு திட்டத்தாளும் இருந்தது. "10 நிமிடம் ஒரே இடத்தில் உட்காருவான்", "கண் பார்த்து வணக்கம் சொல்வான்" என்று அதில் இலக்குகள். அவனுக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வரிகூட இல்லை. நாலாவது மாதத்திலிருந்து கையைக் கடித்துக்கொள்ள ஆரம்பித்தான். மாத்திரையின் அளவைக் கூட்டலாம் என்று அங்கே ஆலோசனை சொன்னார்கள். 14 மாதம் அப்படியே ஓடிவிட்டது. அந்த 14 மாதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் தொண்டை அடைக்கும்.

அப்போதுதான் ஒரு பெற்றோர் பயிற்சியில், தொழில்வழிச் சிகிச்சை (ஆக்குபேஷனல் தெரபி) தரும் ஒரு பெண் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்தார். மூன்றே தலைப்பு. மற்றவர்கள் என்னிடம் விரும்புவது, எனக்கு முக்கியமானவை, எனக்கு எப்படி உதவலாம். ஒரே பக்கம்தான். நபரை மையமாக வைத்துத் திட்டமிடுதல் என்பார்கள். பெரிய காப்பகங்களில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு ஊருக்குள் திரும்பியவர்களுக்காக அமெரிக்காவில் மைக்கேல் ஸ்மல் போன்றவர்கள் 1980களில் வளர்த்தெடுத்த சிந்தனை இது. அதன் அடிப்படை ஒரு சின்னப் பிரிவினை: ஒருவருக்கு எது பிடித்தமானது, ஒருவரின் நலனுக்கு எது தேவையானது. மருந்து, பாதுகாப்பு, பயிற்சி எல்லாம் இரண்டாவது வகை. நாங்கள் அதுவரை இரண்டாவது வகையை மட்டுமே கவனித்துக்கொண்டிருந்தோம்.

தாளை உடனே எழுத வேண்டாம், ஒரு மாதம் அவனைக் கவனியுங்கள் என்று அவர் சொன்னதுதான் எங்களுக்குக் கிடைத்த மிகச் சிறந்த அறிவுரை. ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கி, அம்மாவும் அப்பாவும் நானும் மாறி மாறி எழுதினோம். எந்த நேரத்தில் முகம் மலர்கிறது, எந்த இடத்தில் காதைப் பொத்துகிறான், எங்கே நின்றால் நகர மறுக்கிறான். அவனுக்குச் சத்தம் ஆகாது என்று 19 வருடமாக நம்பிக்கொண்டிருந்தோம். குக்கர் விசில் அடித்தால் வீட்டை விட்டு ஓடுவான், அது உண்மைதான். ஆனால் நோட்டைத் திருப்பிப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. தெருமுனை மாவு மில் வாசலில் அவன் 6 முறை நின்றிருக்கிறான், ஒவ்வொரு முறையும் 10 நிமிடத்துக்கு மேல், சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு. திடீரென்று வெடிக்கிற சத்தம்தான் அவனுக்கு ஆகாது. நிற்காமல் ஒரே சீராக ஓடுகிற சத்தம் அவனைத் தாலாட்டுகிறது. பெற்ற அம்மாவுக்கே இது புதுச் செய்தி.

மில் அண்ணாச்சியிடம் அப்பா போய்ப் பேசினார். முதலில் தயங்கினார். பெல்ட் ஓடுகிற இடம், ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்டார். நியாயமான கேள்வி. தரையில் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு போட்டோம், அதைத் தாண்டக்கூடாது என்று படம் வைத்துச் சொல்லிக்கொடுத்தோம். முதல் 3 மாதம் நாங்கள் யாராவது ஒருவர் கூடவே நின்றோம். இன்றுவரை அவன் கோட்டைத் தாண்டியதில்லை. காலை 7:30 மணிக்குப் போவான், 10 மணிக்கு வருவான். மிளகாய் அரைப்பது அதற்கு அப்புறம்தான்.

அங்கே அவனுடைய வேலை, வருகிற டப்பாக்களையும் தூக்குவாளிகளையும் பைகளையும் வந்த வரிசைப்படி அடுக்குவது. அவன் வருவதற்கு முன்பு அந்த மில்லில் தினமும் ஒரு சண்டையாவது நடக்கும், யார் முதலில் வைத்தது என்று. இப்போது நடப்பதில்லை. யாராவது தன் டப்பாவை மெல்ல முன்னால் நகர்த்தினால், எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்துவிடுவான். எத்தனை பேர் வந்தாலும் மறக்கமாட்டான். தீபாவளிக்கு முந்தைய வாரம், அதிரச மாவுக்கு ஈர அரிசியோடு கூட்டம் அம்முகிற நேரத்தில், அவன் இல்லாமல் முடியாது என்று அண்ணாச்சியே அம்மாவிடம் சொன்னார். "நான் உங்க மகனுக்கு உதவி செய்யலை ஆச்சி, அவன்தான் எனக்குச் செய்றான்" என்றார். அம்மா அன்று முழுக்க அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சம்பளம் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் வருடம் ஒன்றும் இல்லை, "பொழுது போகிறதே" என்ற அளவில் நாங்களும் விட்டுவிட்டோம். அது எங்கள் தவறு. வேலை செய்கிறவனுக்குக் கூலி உண்டு என்று இரண்டாம் வருடம் நான் போய்க் கேட்டேன். ஒரு நாளைக்கு 50 ரூபாயில் ஆரம்பித்து இப்போது 120 ரூபாய். அவன் கையிலேயே கொடுக்கிறார்கள். வருகிற வழியில் பேக்கரியில் ஒரு தேங்காய் பன் வாங்குவான், மீதியை உண்டியலில் போடுவான். பேக்கரிப் பையன் அவனைப் பார்த்ததும் பன்னை எடுத்து வைக்காமல், அவன் சுட்டிக்காட்டும்வரை காத்திருக்கிறான். நாங்கள் சொல்லித்தந்து வந்ததில்லை அது, தாளைப் படித்து வந்தது.

ஆமாம், அந்த ஒரு பக்கத் தாளின் நகல் மில் சுவரிலும் பேக்கரியிலும் ஒட்டியிருக்கிறது. அவன் சம்மதம் இல்லாமல் ஒட்டலாமா என்று எனக்கு உறுத்தியது. தாளையும் பசையையும் அவன் கையில் கொடுத்தேன், அவனே ஒட்டினான். எல்லாவற்றையும் எழுதவில்லை, நோய், மருந்து எதுவும் அதில் கிடையாது. 'பயந்தால் என் கையைப் பிடிக்காதீர்கள், பக்கத்தில் நடந்து வாருங்கள்' என்று ஒரு வரி உண்டு. 2022இல் கோயில் திருவிழாவில் வெடி போட்டபோது அவன் கூட்டத்துக்குள் ஓடிவிட்டான். அம்மா அலறிக்கொண்டு தேடுகிறார். முக்கால் மணி நேரம் கழித்து, மில்லுக்கு வழக்கமாகக் கோதுமை கொண்டுவரும் காய்கறிக்கார அக்கா அவனோடு தெருவில் நடந்து வந்தார். கையைப் பிடிக்கவில்லை, ஓரடி தள்ளி, பக்கத்திலேயே. சமூகத்தோடு இணைத்தல் என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்களே, எனக்கு அது அந்த ஓரடி இடைவெளிதான்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை, தாள் பழசாகிவிடும். 2020 ஊரடங்கில் மில்லுக்குள் யாரையும் விடவில்லை. வாசலிலிருந்தே டப்பாவை வாங்கினார்கள். 5 மாதம் வீட்டுக்குள். கையைக் கடிப்பது திரும்ப வந்தது. எங்கள் தாளில் இருந்ததெல்லாம் மில்லையே சுற்றி இருந்தது, மில் இல்லாவிட்டால் என்ன என்று யோசிக்கவே இல்லை. அப்பா போய் ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை அப்போது, அந்த இழப்பை அவன் எப்படிச் சுமந்தான் என்று கேட்கவும் எங்களுக்கு வழி தெரியவில்லை. அதற்கு அப்புறம் 6 மாதத்துக்கு ஒருமுறை தாளைப் புதுப்பிக்கிறோம். இரண்டாவது குறை இன்னும் பெரியது. முதல் 4 வருடம் தாளை எழுதியது நாங்கள்தான், அவன் அல்ல. இப்போது கைபேசியில் எடுத்த படங்களை அச்சிட்டு அவன் முன்னால் பரப்புகிறோம். வேண்டியதைத் தன் பக்கம் இழுப்பான், வேண்டாததைக் கவிழ்த்துவைப்பான். முதல் தடவையே சித்தப்பா வீட்டுப் படத்தைக் கவிழ்த்துவிட்டான். ஞாயிறுதோறும் அவனை அங்கேதான் கூட்டிப் போய்க்கொண்டிருந்தோம்.

இனி திட்டங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 5ஆம் பிரிவு, ஊருக்குள் மற்றவர்களோடு வாழ்வது இவர்களின் உரிமை என்கிறது. இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையின் 19ஆம் பிரிவும் அதையே சொல்கிறது: எங்கே, யாரோடு வாழ்வது என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கலாம். காகிதத்தில் குறை இல்லை. நடைமுறையில் யூடிஐடி அட்டையை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையை, முதலில் வாங்குங்கள். அது இல்லாமல் எதுவும் நகராது. தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய் தம்பிக்கு வருகிறது. ஒழுங்காக வருகிறது என்பது பெரிய ஆறுதல், ஆனால் ஒரு வாரத்துக்கு உதவியாளர் வைக்கக்கூட அது காணாது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் அவனுக்கும் துணைக்கு வருபவருக்கும் இலவசம். துணையோடு போனால் ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் இருவருக்குமே 75 சதவீதச் சலுகை.

தேசிய அறக்கட்டளையின் மருத்துவக் காப்பீடான நிராமயாவை 7 வருடமாகப் புதுப்பித்து வருகிறோம். வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய்வரை. சேருவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது, ஏற்கனவே இருக்கிற நோயைக் காரணம் காட்டி மறுப்பதும் கிடையாது. மருத்துவமனையில் படுக்காமல் எடுக்கும் சிகிச்சைப் பயிற்சிகளுக்கும் ஓர் அளவுவரை பணம் தருகிறார்கள், வேறு காப்பீடுகளில் நான் இதைப் பார்த்ததில்லை. பணத்தை முதலில் நாம் கட்டிவிட்டு அப்புறம் பில் அனுப்பி வாங்க வேண்டும். எங்களுக்கு ஒருமுறை பரிந்துரைச் சீட்டின் அசல் இல்லை என்று திரும்பி வந்தது. ஒவ்வொரு தாளையும் ஒரு கோப்பில் போட்டுவையுங்கள்.

பாதுகாவலர் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். 18 வயது ஆனபின் பெற்றோர்கூடச் சட்டப்படி தானாகவே பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999இன்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு நியமிக்க வேண்டும். ஆனால் யோசித்துச் செய்யுங்கள், எல்லா முடிவுக்கும் பாதுகாவலர் தேவையா என்று. 2016 சட்டம் பேசுவது வரையறுக்கப்பட்ட பாதுகாப்புரிமையைப் பற்றித்தான்: அவரையும் கலந்து, குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு. எங்கள் விசாரணையில் என்னிடம் 20 நிமிடம் கேள்வி கேட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பியிடம் யாரும் பேசவில்லை. படங்களை எடுத்துப் போயிருந்தேன், பையிலிருந்து வெளியே எடுக்கத் துணிவு வரவில்லை. அடுத்த முறை எடுப்பேன். இன்னொன்று, அப்பா அரசு ஊழியர். குடும்ப ஓய்வூதியம் அம்மாவுக்குப் பிறகு தம்பிக்கு வாழ்நாள் முழுக்க வரும். அதற்கான பதிவைப் பெற்றோர் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

உலக வங்கி உதவியோடு தமிழ்நாட்டில் நடக்கும் ரைட்ஸ் திட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கான சேவைகளை வீட்டுக்கு அருகிலேயே கொண்டுவர முயல்கிறது. அது எங்கள் தெருவுக்கும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இன்றைக்குப் பெரும்பாலான சேவைகள் கட்டடத்துக்குள் இருக்கின்றன. மில்லில் 3 மாதம் கூட நின்று பழக்கிவிட ஓர் ஆள் கிடைத்தால், எத்தனையோ தம்பி தங்கைகள் டீக்கடையிலும் ஜெராக்ஸ் கடையிலும் வேலையில் இருப்பார்கள். நாங்கள் 3 பேர் இருந்தோம், அதனால் முடிந்தது. தினக்கூலிக்குப் போகும் ஒற்றைத் தாயிடம் ஒரு மாதம் நோட்டு எழுதுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவருக்காக யாராவது எழுத வேண்டும்.

அம்மாவுக்கு 66 வயது, முழங்கால் வலி. அம்மாவுக்குப் பின் எங்கே என்ற கேள்வியைப் போன மாதம் தம்பியிடமே கேட்டோம். இப்போது அவன் இருக்கும் எங்கள் வீடு, நான் இருக்கும் என் வீடு, நேரில் கூட்டிப்போய்க் காட்டிய, இவனைப் போன்றவர்கள் சேர்ந்து வாழும் ஒரு குழு இல்லம், மூன்று படங்கள். என் வீட்டைக் கவிழ்த்துவிட்டான். கொஞ்சம் வலித்தது. குழு இல்லத்தையும் கவிழ்த்தான். எங்கள் வீட்டுப் படத்தை எடுத்து, மில் படத்துக்குப் பக்கத்தில் வைத்தான்.

அதனால் முன்பக்க அறையை ஓர் இளம் தம்பதிக்குக் குறைந்த வாடகைக்கு விடப்போகிறோம், இரவில் அவனோடு இருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டில். அந்தப் பெண் மில்லுக்கு வருகிறவர்தான், அவருடைய தூக்குவாளி அவனுக்குத் தெரியும். வருகிற சனிக்கிழமை முதல் சோதனை இரவு. அம்மா என் வீட்டில் தூங்குவார். தாளைப் புதிதாக எழுதிவிட்டோம், குக்கர் விசிலைப் பற்றி முதல் வரியிலேயே இருக்கிறது.